மழைக்காலத்தில் புறாக்கூட்டில் ஈரமும் பூஞ்சணமும் வராமல் பார்த்துக்கொள்வது

மழை தொடங்கியதும் இங்கே பலர் செய்கிற முதல் வேலை, கூட்டைச் சுற்றித் தறப்பாள் கட்டி இறுக்கி மூடுவதுதான். சாரல் நிற்கும், சரி. ஆனால் புறா விடுகிற மூச்சும் எச்சத்தில் இருக்கிற தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கொஞ்ச நாளில் பலகையெல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். கொழும்பில் புறா நடுங்குகிற அளவுக்குக் குளிர் எங்கே இருக்கிறது? அசையாத ஈரக்காற்றுத்தான் எதிரி. மழையை மறியுங்கள், காற்றை மறிக்காதீர்கள்.

கூடு பார்க்கிற திசையில் இருந்து தொடங்குவோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழை கடல் பக்கமிருந்து சாய்த்து அடிக்கும். அதனால் மேற்கும் தெற்கும் பலகைச் சுவர், திறந்த முகம் கிழக்கே, காலை வெயிலும் உள்ளே விழும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை எந்தப் பக்கத்தில் இருந்தும் வரலாம் என்பதால் முன்பக்கக் கூரையை இரண்டடியாவது வெளியே நீட்டிவிடுங்கள். தறப்பாள் கட்டியே ஆகவேண்டுமென்றால் சுருட்டி ஏற்றக்கூடிய மாதிரிக் கட்டி, மழை விட்டவுடன் ஏற்றிவிடுங்கள்.

காற்றுக்கு இரண்டு வழி வேண்டும். முன்பக்கம் தரையோடு ஒரு நீளத் திறப்பு, பின்பக்கம் கூரைக்குக் கீழே இன்னொன்று. சூடான ஈரக்காற்று மேலே ஏறி அந்த வழியால் போகும், கீழால் புதுக்காற்று வரும். மேல் திறப்பு புறா உட்காரும் தட்டுகளை விட உயரத்தில் இருக்கட்டும். இரண்டிலும் அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள், எலிக்காக. காற்று போதுமா என்று அறிய விடியற்காலை கதவைத் திறந்தவுடன் மூச்சை இழுத்துப் பாருங்கள், மூக்கில் ஏறுகிற காரமான எச்ச நெடி அடித்தால் போதாது. திறப்பைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் புறாவைக் குறையுங்கள். இரண்டாவது யாருக்கும் பிடிக்காது, தெரியும்.

தகரக் கூரை இரவில் குளிர்ந்து அடிப்பக்கம் வியர்க்கும். ஒழுக்கு என்று நினைத்து ஓட்டை தேடுகிறவர்கள் உண்டு. தகரத்துக்குக் கீழே வெப்பம் தடுக்கிற ஃபொயில் ஷீட் அடித்தால் பெருமளவு நிற்கும். அஸ்பெஸ்டோஸ் கூரை என்றால் பாசியைச் சுரண்டவோ காய்ந்தபடி தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கூட்டை நேராக கொங்கிரீட் சிலாப்பில் வைக்காமல் சீமெந்துக் கல்லிலோ இரும்புக் காலிலோ ஒன்றரை, இரண்டடி உயர்த்துங்கள். கீழே தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு ஒரு பக்கம், புறாவுக்கு அம்மை பரப்புகிற நுளம்பு இன்னொரு பக்கம். தண்ணீர்க் குடுவை வலைத்தட்டின் மேல் இருந்தால் சிந்துவது தரையை நனைக்காது. குளிக்கிற தட்டம் கூட்டுக்கு வெளியே, வெயில் உள்ள காலையில் மட்டும். முட்டைப் பெட்டிக்குள் தும்பு போடாதீர்கள், ஈரத்தை விடாது. தென்னை ஈர்க்கைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் புறாவே அடுக்கிக்கொள்ளும்.

அடுத்தது தீன். கூட்டை எவ்வளவு காயவைத்தாலும், சோளத்திலும் கச்சானிலும் பூஞ்சணம் பிடித்தால் அதில் உண்டாகிற அஃப்லாடொக்சின் என்கிற நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். புறக்கோட்டையில் மலிவு என்று மழைக்காலத்தில் மூட்டையாக வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் சோளத்தோடு கொஞ்சம் காய்ந்த உப்பைப் போட்டு நன்றாகக் குலுக்கி, சற்று வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளம் ஈரம், சுமார் 15 சதவீதத்துக்கு மேல். 13க்குக் கீழே இருந்தால்தான் தைரியமாகச் சேமிக்கலாம். ஊசல் மணம் வந்ததைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம், நஞ்சு கழுவினால் போகாது.

பூஞ்சணம் ஏற்கெனவே வந்துவிட்டதா? புறாக்களை வெளியே எடுத்துவிட்டு, மாஸ்க் போட்டு, முதலில் எச்சத்தைச் சுரண்டி அள்ளுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அதற்கப்புறம்தான் பிளீச், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். எச்சம் இருக்கிறபோதே பிளீச் ஊற்றினால் அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும், பூஞ்சணமும் சரியாகச் சாகாது. பத்து நிமிடம் விட்டு அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே புறாவை விடுங்கள். உள்ளே வரை ஊறிக் கறுத்த பலகையைக் கழற்றி எறிவதுதான் வழி, மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் திரும்ப வரும்.

சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குகிற, மெலிந்துகொண்டு போகிற புறாவைத் தனியாக்கி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பூஞ்சண வித்து புறாவின் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைக்குள் போயிருந்தால் சாதாரண அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது.