அனாட்டமி அட்லஸை வைத்துப் படிப்பது எப்படி? முதலாண்டு மாணவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் படித்துவிட்டு எம்.பி.பி.எஸ். சேருகிறவர்களுக்குத் தொடக்கத்தில் திணறல்தான். வகுப்பு ஆங்கிலத்தில், விடுதி அரட்டை மலையாளத்தில். உடலின் உறுப்புகளைப் படம்படமாகக் காட்டும் அட்லஸ் கைகொடுக்கும், ஆனால் புரட்டுவது வேறு, படிப்பது வேறு.

முதலில் புத்தகம். ஓவிய அட்லஸ் ஒன்று போதும். 1989-இல் முதல் பதிப்பு கண்ட நெட்டர் அட்லஸைத்தான் பலரும் வைத்திருப்பார்கள். சீனியரிடம் பழைய பதிப்பையே வாங்குங்கள். பதிப்பு மாறினாலும் எலும்பு இடம் மாறுவதில்லை.

அடுத்து, திசை. முன்புறப் படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். உங்கள் இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலப்பக்கம். கல்லீரல் அங்கேதான் இருக்கும்.

இனி ஒரு படத்தை எடுப்போம்: முழங்கையின் முன்மடிப்பு, அதாவது கியூபிட்டல் ஃபோசா. எலும்பிலிருந்து தொடங்குங்கள். மேற்கை எலும்பான ஹியூமரஸின் கீழ்முனை, முன்கை எலும்புகளான ரேடியஸ், அல்னா ஆகியவற்றைப் பார்த்த பிறகே தசைப் படத்துக்குப் போங்கள். பெயர்களைத் தாளால் மறைத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறிய பெயருக்குப் பென்சிலால் புள்ளி வையுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நோட்டில் வரையுங்கள். அழகு வேண்டாம், வரிசை சரியாக இருந்தால் போதும்: வெளிப்பக்கத்திலிருந்து (கட்டைவிரல் பக்கம்) மேற்கையின் முன்தசையான பைசெப்ஸின் தசைநாண், பிரேக்கியல் தமனி, மீடியன் நரம்பு.

இப்போது உங்கள் கையையே பாருங்கள். உள்ளங்கை மேலே இருக்கும்படி முழங்கையை மடக்கினால் நடுவில் கயிறுபோல விறைப்பது அந்தத் தசைநாண். கையை நீட்டித் தளர்த்தி, அதற்குச் சற்று உள்பக்கம் விரலை அழுத்தினால் துடிப்பு தெரியும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப் வைப்பது அங்கேதான். இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும் சிரை இதற்கு மேலே, தோலுக்கடியில் ஓடுகிறது. சிரைக்கும் தமனிக்கும் நடுவே பைசெப்ஸிலிருந்து விரியும் மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. படத்தில் அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், விரும்பிக் கேட்பார்கள்.

அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் மேசையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்புதான். அங்கே நிறத்தை நம்பாமல் தொட்டுப் பாருங்கள்: தமனியின் சுவர் தடிப்பு, சிரை மெல்லியதாகத் தட்டையாகிக் கிடக்கும், நரம்பு உள்ளே துளையில்லாத கெட்டி இழை. அதனால் முந்தைய இரவே நூலகத்தின் புகைப்பட அட்லஸில் அதே பகுதியையும் பார்த்துவிடுங்கள். புத்தகத்தை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள், உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் படும். ஒரு நகல் தாள் போதும்.