ஹை வான் கணவாய்: வியட்நாமின் கடலோர மலைப்பாதையில் பைக் பின்சீட் பயணம், முதல்முறை போகிறவர்களுக்கு

வியட்நாமின் நடுப்பகுதியில், ஹுவே நகரத்துக்கும் டா நாங் நகரத்துக்கும் இடையே ஒரு மலைத்தொடர் நேராகக் கடலில் போய் இறங்குகிறது. அதன் மேல் ஏறி இறங்கும் சாலைதான் ஹை வான் கணவாய். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம், உச்சி சுமார் 500 மீட்டர் உயரம். 2005-இல் மலைக்கு அடியில் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறந்த பிறகு பேருந்துகளும் பெரும்பாலான லாரிகளும் அதற்குள் போய்விட்டன. அந்தச் சுரங்கத்தில் பைக் ஓட்ட அனுமதி இல்லை. அதனால் பழைய மலைச்சாலை இன்று பெரும்பாலும் பைக்காரர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும்தான்.

இந்தப் பாதையை உள்ளூர் வழிகாட்டியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு நாளில் கடக்கலாம். அங்கே இவர்களை 'ஈஸி ரைடர்' என்பார்கள். எப்படி ஏற்பாடு செய்வது, எதைக் கவனிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிப்ரவரி கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் வெயில் கொளுத்தும், ஆனால் சாலை காய்ந்திருக்கும். அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். அந்தப் பகுதியின் பெருமழையும் புயலும் வெள்ளமும் அப்போதுதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்றை இந்த மலை தடுத்து நிறுத்துவதால், ஹுவே பக்கம் தூறிக்கொண்டிருக்கும்போது டா நாங் பக்கம் வெயில் அடிப்பது சாதாரணம். ஒரு பக்க வானிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

விசாவை வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே மின்விசாவாக எடுக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர்.

படி 2: ஓட்டப் போகிறீர்களா, பின்னால் உட்காரப் போகிறீர்களா?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் தரப்படுவது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை. ஆகவே இந்திய அனுமதியைக் காட்டி அங்கே சட்டப்படி பைக் ஓட்ட முடியாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பாவிலிருந்து போகிறவர்கள் தங்கள் அனுமதிப் புத்தகத்தில் எந்த ஆண்டு அச்சாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடைக்காரர் உரிமம் எதுவும் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார். போலீஸ் நிறுத்தினால் அபராதம் என்பதோடு போனால் பரவாயில்லை. விபத்து என்றால், செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டியவருக்குப் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில். போதாததற்கு அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும்.

அதனால் என் கட்சி பின்சீட்தான். இந்தப் பாதையில் கண்ணைச் சாலையிலேயே வைத்திருப்பவர் கடலைப் பார்க்க முடியாது, பின்னால் இருப்பவர் முழுதாகப் பார்க்கலாம். பின்சீட்டில் போனாலும் காப்பீட்டு நிபந்தனைகளைப் படியுங்கள். சில பாலிசிகளில் இருசக்கர வாகனம் என்றாலே விலக்கு.

படி 3: எந்தத் திசை?

பெரும்பாலானோர் ஹுவேயிலிருந்து கிளம்பி, டா நாங்குக்குத் தெற்கே இருக்கும் ஹோய் ஆன் ஊரை நோக்கிப் போகிறார்கள். நான் ஹோய் ஆனிலிருந்து வடக்கே போகச் சொல்வேன். வலது பக்கம் ஓட்டும் நாடு, கடல் இருப்பது கிழக்கே. வடக்கு நோக்கிப் போனால் கடல் வலப்பக்கம், அதாவது உங்கள் ஓரத்திலேயே வரும். படம் எடுக்க நிறுத்த வேண்டுமென்றால் எதிர்த்தடத்தைக் கடக்க வேண்டியதில்லை. ஹோய் ஆனிலிருந்து டா நாங் வெறும் 30 கிலோமீட்டர் என்பதால், சீக்கிரம் கிளம்பினால் கூட்டம் சேரும் முன்பே உச்சிக்குப் போய்விடலாம். ஹுவேயிலிருந்து வந்தால் உச்சியைத் தொடவே மதியம் ஆகிவிடும். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: மாலை வெயில் மேற்கிலிருந்து கடல்மேல் விழும்போது படங்கள் நன்றாக வரும், அந்த லாபம் தெற்கே போகிறவர்களுக்குத்தான்.

படி 4: முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

தங்கும் விடுதியிலேயே ஏற்பாடு செய்து தருவார்கள். நேரடியாகவும் பேசலாம். எழுத்தில் பதில் வாங்குங்கள்:

- ஒருவருக்கு ஒரு வண்டி, ஒரு ஓட்டுநரா? வழியில் ஆள் மாறுவாரா?
- விலையில் நுழைவுக் கட்டணமும் மதிய உணவும் சேர்ந்ததா?
- பெரிய பெட்டி நம்மோடு வருமா, தனி வண்டியில் விடுதிக்குப் போய்ச் சேருமா?
- தலை முழுவதையும் மூடும் ஹெல்மெட் உண்டா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2007 டிசம்பர் முதல் அந்த நாட்டில் ஹெல்மெட் கட்டாயம், ஆனால் பலர் போடுவது தொப்பி கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஓடு. அதைக் கொடுத்தால் வேறு கேளுங்கள். தாடைப்பட்டை இறுக்கமாக நிற்கிறதா என்று கிளம்பும் முன்பே போட்டுப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'அன் சாய்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சும்மா 'கறி வேண்டாம்' என்றால் போதாது, கீரை வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். புத்த மதத்தவர் பலர் அமாவாசை, பௌர்ணமியில் சைவம் சாப்பிடுவதால் 'அன் சாய்' என்றால் எல்லாருக்கும் புரியும்.

படி 5: உடை

முழுக்கால் சட்டை, முழுக்கை, மூடிய ஷூ. துப்பட்டா, சேலை, தொங்கும் கயிறு எதுவும் சங்கிலிப் பக்கம் போகக்கூடாது. உச்சியில் காற்று குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். ரெயின்கோட் அவர்களிடமே இருக்கும்.

படி 6: பின்சீட்டில் உட்காரும் விதம்

நம் ஊரில் பழகியவர்களுக்கே இங்கே சிலதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காரும் பழக்கம் மலைப்பாதைக்கு ஆகாது. இருபக்கமும் கால் போட்டு, முழங்காலால் இருக்கையை லேசாக இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை பின்கம்பியில், மறு கை தொடைமேல். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநர் மேல் சரியாமல் இருக்க இது உதவும்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போது நீங்களும் கூடவே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே இழுக்கும். எளிய வழி ஒன்று உண்டு: வலது வளைவில் ஓட்டுநரின் வலது தோள் வழியாகவும், இடது வளைவில் இடது தோள் வழியாகவும் சாலையைப் பாருங்கள். உடம்பு தானாகச் சரியான பக்கம் போகும்.

அப்புறம் இறங்கும் பக்கம். வலது பக்கம் சைலன்சர் இருப்பதால் இடது பக்கம் இறங்குவதுதான் வழக்கம், கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் நம் ஊரில் இடது பக்கம் என்றால் சாலையோரம். அங்கே இடது பக்கம்தான் வண்டிகள் வரும் பக்கம். ஓட்டுநர் தலையசைத்த பிறகு, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வேகம் அதிகம் என்றால் தோளில் இரண்டு தட்டு. இந்தச் சைகையைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினால் காற்றில் எதுவும் கேட்காது.

படி 7: அந்த நாள்

காலை ஏழரைக்குக் கிளம்பினால் நல்லது. டா நாங் போகும் வழியில் பளிங்கு மலைகள் வரும்: உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்று சீன மரபின் ஐந்து மூலகங்களின் பெயர் கொண்ட குன்றுகள், உள்ளே குகைக் கோயில்கள், அடிவாரத்தில் சிற்பிகளின் ஊர். ஹோய் ஆனில் தங்கும்போது தனியாகவே வரலாம் என்பதால் அன்று தாண்டிவிடுங்கள். டா நாங்கில் சாம் சிற்ப அருங்காட்சியகத்தையும் வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். நடு வியட்நாமில் முன்பு இருந்த சம்பா நாட்டின் சிவலிங்கங்களும் நடராசர் உருவங்களும் அங்கே இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் அந்தச் சம்பா நாட்டுக்கும் வடக்கே இருந்த வியட் அரசுக்கும் எல்லையாக இருந்ததும் நாம் ஏறப்போகும் இதே கணவாய்தான்.

நகரம் முடிந்ததும் ஏற்றம். எரிபொருள் டேங்கர்களுக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லாததால் அவை இந்த மலை வழியாகத்தான் வரும். வளைவில் அவற்றை முந்த வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

உச்சியில் ஹை வான் குவான் என்ற காவல் வாயில் இருக்கிறது. வியட்நாமை ஆண்ட மின் மாங் பேரரசர் 1826-இல் கட்டியது. பக்கத்திலேயே பிரெஞ்சு, அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய காங்கிரீட் பதுங்குகுழிகள். பல காலம் பாழடைந்து கிடந்த இந்த இடத்தைச் சீரமைத்து 2024-இல் மறுபடி திறந்தார்கள். கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். காபியை அங்கே குடிக்க வேண்டாம், இன்னும் அரை மணி பொறுங்கள்.

இறக்கத்தில்தான் இந்தப் பாதையின் உண்மையான அழகு. கீழே கடலை ஒட்டி ரயில் தண்டவாளம் சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளியேறும். ஒரு வளைவு திரும்பியதும் லாங் கோ ஊர் முழுவதும் தெரியும்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே மணல்திட்டில் வீடுகள். இங்கே இரண்டு மூன்று முறையாவது நிறுத்தச் சொல்லுங்கள். கீழே இறங்கியதும் லாப் ஆன் உப்பங்கழிக் கரையில் உட்கார்ந்து, கெட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபி குடிக்கலாம். அங்கே பல காலம் சிப்பி வளர்த்தது பழைய டயர்களில்.

மதிய உணவுக்குப் பிறகு இரண்டு வழி. நெடுஞ்சாலையில் போனால் ஹுவே சீக்கிரம் வரும், அலுப்பும் சீக்கிரம் வரும். கவ் ஹாய் உப்பங்கழியைச் சுற்றிக் கடலோரக் கிராமங்கள் வழியாகப் போகச் சொல்லுங்கள். வழியில் ஆன் பாங் ஊரின் கல்லறைகளைப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில், டிராகன் தூண்களும் வண்ண ஓடுகளுமாக வீடுகளைவிட ஆடம்பரமாகக் கட்டியிருக்கிறார்கள். நேரம் இருந்தால் ஹுவேக்கு முன்னால் 'தான் தோவான்' என்ற கிராமத்தில் 1776-இல் கட்டிய ஓட்டுக்கூரைப் பாலத்திலும் கொஞ்சம் நிற்கலாம். நாலரை, ஐந்து மணிக்கு விடுதி வாசலில் இறக்கிவிடுவார்.

படி 8: பணம்

முன்பணம் சிறிதாகவும், மீதி போய்ச் சேர்ந்த பிறகும் என்று பேசுங்கள். தாளை நீட்டும் முன் பூஜ்யங்களை எண்ணுங்கள்: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீல நிறம், அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். சாப்பிடும்போது ஓட்டுநர் பீர் கேட்டால் வாங்கித் தராதீர்கள். 2020 முதல் அங்கே வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டு மதுகூட குடித்திருக்கக் கூடாது என்பது சட்டம். டிப்ஸ் கட்டாயமில்லை. பயணம் பிடித்திருந்தால் கூலியில் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள், அதை நிறுவனத்திடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.