டிராக்கர் இல்லாமலே ஓரியன் நெபுலா

விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகமான நெபுலாவைப் படமெடுக்க டெலஸ்கோப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. டிஎஸ்எல்ஆர், 135 மிமீ லென்ஸ், ஆடாத டிரைபாட் இருந்தால் எம்42 என்கிற ஓரியன் நெபுலாவில் தொடங்கலாம். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் தெற்கே, வாளின் நடுவில் புகைபோலத் தெரிவதுதான் அது.

முதலில் ஃபோகஸ். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பி ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கியிருக்கிறேன். லைவ் வியூவில் சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். அப்புறம் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும்; அந்தச் சுழற்சிக்கு ஏற்ப கேமராவைத் திருப்பும் டிராக்கர் நம்மிடம் இல்லை. அதனால் ஒரு படத்துக்கு 1 முதல் 2 விநாடிதான். ஐஎஸ்ஓ 1600, ரா ஃபார்மட். 300 படமாவது எடுங்கள்; நெபுலா நகர்ந்துகொண்டே போகும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே செட்டிங்கில் 20 டார்க் படங்கள், அதாவது கேமராவின் சொந்தக் கோளாறுகளைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்கள்.

எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், இலவசம்தான். படங்களை நான்கு மடங்காக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகள், பாதியாகும். நிலா இருக்கும் இரவில் மட்டும் மெனக்கெடாதீர்கள்.