குவாட்டர்பேக் ஜெயிக்கிற ஆளா? எங்கே பார்க்க வேண்டும்

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்தி, பந்தை எறிபவர் குவாட்டர்பேக். வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து அவரை எடைபோடாதீர்கள். அதில் தடுப்பாட்டக்காரர்களின் உழைப்பும் கலந்திருக்கும். பத்து கெஜம் முன்னேற அணிக்கு நான்கு முயற்சிகள் (டவுன்) உண்டு; மூன்றாவது டவுனில் 7, 8 கெஜம் தேவைப்படும்போது கவனியுங்கள். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், பந்தை ஆட்டத்துக்கு எடுக்க எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டும் பிளே கிளாக் 15 விநாடியைத் தொட்டதும், பயிற்சியாளரின் குரல் வரும் ஹெல்மெட் ரேடியோ அடங்கிவிடும். அதன்பின் எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து ஆட்டத் திட்டத்தை மாற்றுவது குவாட்டர்பேக்கின் பொறுப்பு.

பந்து ஏறக்குறைய இரண்டரை விநாடியில் கையை விட்டுப் போக வேண்டும்; தாமதித்தால் சாக், அதாவது எறியும் முன்பே எதிரணி அவரை வீழ்த்திவிடும். பந்தைப் பிடிக்க ஓடும் ஒரே ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தால், எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி அந்தப் பக்கம் நகர்ந்து பந்தைப் பறித்துவிடுவார். பின்னங்காலில் சாய்ந்து எறிந்தால் பந்து தலைக்கு மேல் போகும்.

எறிய ஆள் கிடைக்காவிட்டால், சக வீரர்கள் அரண் போல நிற்கும் பாக்கெட்டை விட்டு வெளியேறி, ஆட்டம் தொடங்கிய ஸ்கிரிம்மேஜ் கோட்டைத் தாண்டி பந்தை வீசிவிடலாம். இதைக் கோழைத்தனம் என்பது அபத்தம்.

2017 சூப்பர் பவுலில், அதாவது என்எஃப்எல் இறுதிப் போட்டியில், 3-28 என்று பின்தங்கிய குவாட்டர்பேக் டாம் பிரேடியின் அணி 34-28 என வென்றது. அந்த ஆட்டத்தில் அவர் அணியின் ரன்னிங் பேக் (முக்கியமாகப் பந்தோடு ஓடும் வீரர்) ஜேம்ஸ் வைட் மட்டும் பிடித்தது 14 பாஸ். பெரும்பாலும் குட்டைப் பாஸ்கள்.