பெரிய வீட்டுக்கு ஒரு சின்ன சோலார்: ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் போதும்

கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா தனியாக இருக்கிறார். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில், அவ்வளவு நீள வீடு. கரண்ட் போனால் அவருக்கு விசிறி, டிவி எதுவும் பெரிதில்லை, ஃபிரிட்ஜில் இருக்கிற இன்சுலின்தான் கவலை. “ராத்திரியில போச்சுன்னா மருந்து கெட்டுப் போகுமாப்பா?” என்று போனில் கேட்டதில் இருந்துதான் இந்த வேலையில் இறங்கினேன். கடைக்குப் போனால் எடுத்த எடுப்பில் “ஒரு கிலோவாட் போட்ருங்க” என்பார்கள். அங்கே ஆரம்பிக்காதீர்கள். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் சாப்பிடுகிறது என்பதில் ஆரம்பியுங்கள்.

அதற்கும் முன்னால், உங்களுக்கு சோலார் தேவையா என்று பாருங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும், ஆகவே இரண்டு மணி நேர மின்தடைக்கு எதுவும் வாங்க வேண்டாம். பராமரிப்புக்காக காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துகிறார்களே, அதைக்கூட ஒரு நல்ல இன்வெர்ட்டர் பேட்டரியே சமாளித்துவிடும், கரண்ட் வந்ததும் அது சார்ஜ் ஆகிக்கொள்ளும். பேனல் உண்மையாகவே கைகொடுப்பது 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வந்தது போன்ற நிலைமைக்குத்தான். புதுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள்.

இன்னொன்று, மானியத்தோடு மாடியில் போடுகிறார்களே, அந்த ஆன்-கிரிட் (ஈபி லைனோடு இணைந்து ஓடும்) சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட்டை வாங்கிவிட்டு ஃபிரிட்ஜ் ஓடும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, அளப்பது எப்படி? பிளக்கில் சொருகுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கி 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் மாட்டி வையுங்கள், முடிந்தால் சித்திரை வெயிலில். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதை 365-ஆல் வகுத்தும் பார்க்கலாம், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது பத்தாது, பாதியளவு கூட்டிக்கொள்ளுங்கள். அப்பத்தா வீட்டு 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்கு எனக்கு வந்த கணக்கு நாளைக்கு 0.8 யூனிட். கம்ப்ரசர் ஓடும்போது எத்தனை வாட் என்று அறிய ஈபி மீட்டரே போதும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சிவப்பு லைட் மினுக்குவதை எண்ணுங்கள். மீட்டரில் 3200 இம்பல்ஸ் ஒரு யூனிட் என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 5 மினுக்கு என்பது சுமார் 94 வாட்.

எல்லோரும் மறப்பது இன்வெர்ட்டரின் சொந்தச் சாப்பாடு. சும்மா ஆன் செய்து வைத்தாலே 15 வாட் எடுக்கும், ஒரு நாளைக்கு 0.36 யூனிட், ஃபிரிட்ஜ் எடுப்பதில் கிட்டத்தட்ட பாதி! மாலை 6 முதல் காலை 8 வரை 14 மணி நேரத்துக்கு ஃபிரிட்ஜ் 0.47, இன்வெர்ட்டர் 0.21, ஆக 0.68 யூனிட். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியில் 12 பெருக்கல் 150, அதாவது 1.8 யூனிட் இருக்கிறது, ஆயுள் கெடாமல் இருக்க பாதிதான் எடுக்கலாம், பேட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரமாக மாற்றும்போது ஆகும் நஷ்டம் போக கையில் நிற்பது 0.77. ஃபிரிட்ஜுக்குச் சரியாக இருக்கும், அதோடு ஒரு விசிறியையும் இரவு முழுக்க மாட்டினால் தாங்காது. இன்வெர்ட்டர் சைன் வேவ் (ஈபி கரண்ட் போலவே சீரான அலை தரும் வகை) ஆகத்தான் இருக்க வேண்டும், பழைய ஸ்கொயர் வேவில் கம்ப்ரசர் சூடாகிக் கெடும். கிளம்பும்போது அந்த 94 வாட் ஒரு கணம் அறுநூறு எழுநூறுக்குத் தாவும் என்பதால் இன்வெர்ட்டர் அளவில் 850 விஏவுக்குக் குறையாதீர்கள்.

இப்போது பேனல். 24 மணி நேரத்துக்கு ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் 1.16, நஷ்டங்களையும் சேர்த்தால் 1.6 யூனிட் வேண்டும். தூசி, சூடு எல்லாம் கழித்து நாளைக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 400 வாட். ஐப்பசி கார்த்திகை மேகத்துக்கு அது போதாது, நான் 335 வாட் பேனல் இரண்டு வைத்திருக்கிறேன்.

இதில் முதல் தடவை தவறு நடந்தது. ஒரு பேனலோடு கடையில் கொடுத்த சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலில் இருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பிடபிள்யூஎம் என்ற மலிவு வகை. பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும், இந்த வகையோ வோல்ட்டேஜைப் பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும், 13 பெருக்கல் 9, வெறும் 117 வாட். மூன்றில் இரண்டு பங்கு வெயில் வீண். கூடுதல் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி வகைக்கு மாற்றிய பிறகுதான் பேனல் முழுசாக வேலை செய்தது. கொஞ்சம் விலை கூட, ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சார்ஜ் கரண்ட் 25 ஆம்பியரைத் தாண்டாமல் அமைத்துவிடுங்கள்.

அப்புறம் நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய சிக்கல், நீளம். ஓட்டுக்கூரையில் பேனல் ஏற்ற வேண்டாம், முகப்பு மொட்டை மாடியில் போட்டால் பின்கட்டு அடுப்படிக்கு 30 மீட்டர் வயர் ஓடும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போக வர 60 மீட்டருக்கு, 9 ஆம்பியரில் இரண்டரை வோல்ட் குறையும். இரண்டு பேனலையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து) போட்டு 74 வோல்ட்டாகக் கொண்டுவந்தால் இது பெரிய நஷ்டமில்லை (கன்ட்ரோலர் 150 வோல்ட் தாங்க வேண்டும்). அதே தூரத்துக்கு 12 வோல்ட் வயரை இழுத்தால் மின்சாரத்தில் பாதி வயரிலேயே வீணாகிவிடும். ஆகவே கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில், பேட்டரி வயரில் ஃப்யூஸோடு. பேனல் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு. தென்னை நிழல் ஒரு கீற்று விழுந்தாலும் உற்பத்தி சடாரென்று இறங்கும்.

மாட்டியதும் ஒரு நாள் மாலை 6 மணிக்கு மெயினை அணைத்துப் பாருங்கள். காலை 8 மணிக்குப் பேனல் சுவிட்சையும் லோடையும் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து பேட்டரியை அளந்தால் 12.2 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் வீட்டில் யாரோ அந்த லைனில் விசிறி மாட்டியிருக்கிறார்கள்.