பூட்டிக் கிடந்த வீட்டை நோன்புக்கும் பொங்கலுக்கும் மணக்கச் செய்யும் முறை

கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு தொடங்கி, அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்று, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் பங்காளிகள் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் உள்ள வீடுகளுக்குத் திரும்பும் காலம் இது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தையும் வாங்கிக்கொண்ட வீட்டில், கதவைத் திறந்ததும் பூசண வாடையும் வௌவால் வாடையும் சேர்ந்து வரவேற்கும். அதன்மேல் கடையில் விற்கும் ஸ்பிரேயை அடித்தால், அரை மணி நேரத்தில் இரண்டு வாடைகளும் கலந்து முன்னைவிட மோசமாகிவிடும். ஆகவே, இருக்கும் வாடையை முதலில் வெளியேற்றிவிட்டு, அதன்பின் மணத்தைக் கொண்டுவர வேண்டும். விருந்தினர் வருவதற்கு மூன்று, நான்கு நாள்கள் முன்பே தொடங்கினால் அவசரம் இருக்காது.

முதல் வேலை: காற்று, ஈரம், தூம்பு

முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமையும்படி நம் வீடுகளைக் கட்டியிருப்பதால், முன்கதவையும் பின்கதவையும் ஒருசேரத் திறந்து வைத்தாலே காற்று வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, கடந்து ஓடும். மார்கழிப் பனியில் விடியற்காலையில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும் என்பதால், வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல் திறந்து, மாலை நான்கு மணிக்குள் சாத்திவிடுங்கள். வளவைச் சுற்றியுள்ள இருட்டறைகளில் உள்ள மெத்தை, பாய், தலையணைகளை எடுத்து வெயிலில் போடுவது கட்டாயம். தேக்குத் தூண்களிலும் கதவுகளிலும் படிந்த பூசணத்தை, தூசி பறக்காதபடி நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் அது மறுபடி வளரும். வௌவால் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கினால் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு செய்யும். முகக்கவசம் அணிந்துகொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்தபின் அள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரால் தரையைத் துடைத்தால் மணக்கும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் நம் வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்க்கப்படுவது. புளிப்பு அதன் மேற்பரப்பை அரித்து மங்கச் செய்துவிடும். அந்தத் தரைக்கு வெறும் தண்ணீரே போதும்.

எவ்வளவு துடைத்தும் சாக்கடை வாடை போகவில்லையென்றால் குளியலறைத் தூம்பைப் பாருங்கள். குழாயின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. மாதக்கணக்கில் புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். ஒவ்வொரு தூம்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஊருக்குத் திரும்பும்போது அந்தத் தண்ணீரின் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுச் சென்றால் சீக்கிரம் வற்றாது.

இரண்டாம் வேலை: பீரோவுக்குப் பொட்டலம்

பீரோவிலும் மரப்பெட்டியிலும் பூச்சி உருண்டை இருந்தால் முதலில் அதை எடுத்து வெளியேற்றுங்கள். அதிலிருந்து வரும் நாப்தலீன் ஆவி யாருக்கும் நல்லதன்று. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது.

அதற்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் 50 கிராம், பூலாங்கிழங்கு 25 கிராம், உலர்ந்த மகிழம்பூ ஒரு கைப்பிடி, கிராம்பு 10 கிராம், வசம்பு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிவேரை அலசி மண் போக்கி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். மற்றவற்றை உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். நைசாக அரைத்தால் முதல் நாள் தூக்கலாக மணந்து, விரைவில் அடங்கிவிடும். எல்லாவற்றையும் கலந்து, பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்த பருத்தித் துணியில் எலுமிச்சையளவு பொட்டலங்களாகக் கட்டுங்கள். கிராம்பின் எண்ணெய் பட்டில் கறை வைக்கும் என்பதால், பொட்டலத்தைச் சேலைகளுக்கு இடையில் செருகாமல், ஒரு சிறு கொட்டானில் (ஓலைக்கூடையில்) போட்டு, பீரோத் தட்டின் மூலையில் வையுங்கள். மணம் குறையும்போது பொட்டலத்தோடு கையால் கசக்கிவிட்டால் மறுபடி எழும். பச்சைக் கற்பூரம் சேர்ப்பவர்களும் உண்டு. குழந்தைகள் எடுத்து வாயில் போட்டால் விஷமாகக்கூடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

மூன்றாம் வேலை: சாம்பிராணித் தூபம்

கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணி வசதியானதுதான். ஆனால் அதில் கரித்தூளும் செயற்கை மணமும் கலந்திருப்பதுண்டு. தணலில் போடும் பால் சாம்பிராணியின் இனிப்பான, சற்றே கனத்த மணம் அதில் கிடைப்பதில்லை.

தூபக்காலின் அடியில் ஒரு விரற்கடை மணல் பரப்புங்கள். பிடி சுடாமல் இருக்கும். கொட்டாங்கச்சியை வெளியில் வைத்து எரித்து, சுவாலையும் புகையும் முற்றிலும் அடங்கி, தணலின் மேல் வெண்சாம்பல் பூத்த பிறகே தூபக்காலில் எடுத்துப் போட வேண்டும். சாம்பிராணி இரண்டு பங்கும் குங்கிலியம் ஒரு பங்குமாகப் பொடித்து, அரைக் கரண்டிக்கு மேல் போகாமல் தூவுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: செக்கச்செவேலென்ற தணலில் நேரடியாக அள்ளிப் போட்டால், பிசின் தீப்பற்றி, மணப்பதற்குப் பதில் கருகும். தணலின் மேல் மெல்லிய சாம்பல் போர்வை இருந்தால் பிசின் மெதுவாக உருகி, வெள்ளையாகப் புகைந்து, அதன் மணம் முழுவதையும் கொடுக்கும். காய்ந்த நொச்சி இலை இரண்டைக் கிள்ளிப் போட்டால் கொசுவுக்கும் ஆகும்.

விளக்கு வைத்தபின் தூபத்தைப் பின்கட்டிலிருந்து தொடங்கி முகப்பு வரை கொண்டுவந்து, ஒவ்வொரு அறையிலும் சிறிது நேரம் நின்று, அங்கேயே வைத்துவிடாமல் நகருங்கள். தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று தூபக்காலைச் சாத்திய அறையில் வைத்துக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் வந்து சேர்வதற்கு முந்தைய மாலையே இதை முடித்துவிடுவது நல்லது. மறுநாள் புகை இருக்காது, மரத்திலும் துணியிலும் மணம் மட்டும் தங்கியிருக்கும்.

நான்காம் வேலை: முகப்பில் உருளி, அடுப்படியில் கொதி

உருளியில் தண்ணீர் நிரப்பி மருக்கொழுந்து, துளசி, பன்னீர் ரோஜா இதழ்களை மிதக்க விடுங்கள். கொசு முட்டையிடாதிருக்கத் தண்ணீரை அன்றாடம் மாற்றுங்கள்.

விருந்தினர் வரும் வேளையில், எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கமலா ஆரஞ்சின் தோல், இரண்டு அங்குலப் பட்டை, ஆறு கிராம்பு, இரண்டு அன்னாசிப்பூ, பாயசத்துக்கு உரித்த ஏலக்காயின் தோல் ஆகியவற்றைப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயை மிகவும் குறைத்துவிட வேண்டும். நீராவியோடு எண்ணெய்ச் சத்தும் சிறிது சிறிதாக எழுந்து வீடு முழுவதும் பரவும். அரை மணிக்கொரு முறை தண்ணீரைப் பார்த்து ஊற்றுங்கள். ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. அஞ்சறைப் பெட்டி கையருகே இருக்கிறதென்று சோம்பையும் கல்பாசியையும் மராட்டி மொக்கையும் சேர்த்துவிடாதீர்கள்; முகப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் கோழிக் குழம்பு எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். உண்மையிலேயே குழம்புக்குத் தாளிக்கும் நேரம் வந்ததும் இந்தப் பாத்திரத்தை இறக்கிவிடலாம். அதன்பின் அடுப்படிக்குத் தனியாக ஒரு மணம் தேவையில்லை.