நகரத்தின் பட்ஜெட்டில் உங்கள் தெருவின் கோரிக்கையைச் சேர்ப்பது எப்படி?

நகர மன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தின் மீதான பொதுக் கருத்துக் கேட்பு நடக்கும் மாலையில், கையில் புகைப்படங்களோடும் மனுவோடும் வந்து, தங்கள் தெருவில் தண்ணீர் தேங்குவதைப் பற்றி மூன்று நிமிடம் உருக்கமாகப் பேசிவிட்டுப் போகிறவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்துவருகிறேன். மன்ற உறுப்பினர்களாகிய நாங்கள் தலையாட்டுகிறோம், குறிப்பெடுத்துக்கொள்கிறோம். ஆனால் எங்கள் மேசையில் இருக்கும் அறிக்கையில் ஏறக்குறைய எல்லாத் தொகைகளும் முன்பே முடிவாகிவிட்டன என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அவர்கள் கேட்டது நியாயம். கேட்ட நாள்தான் தவறு. சரியான நாளை எப்படிக் கணக்கிடுவது, அறிக்கையை எங்கிருந்து படிப்பது, கோரிக்கையை எப்படி எழுதுவது என்பவற்றை, மேசையின் இந்தப் பக்கத்தில் அமர்ந்து நான் கற்றுக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் நகரத்தின் நிதியாண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அது ஏப்ரல் 1. ஆஸ்திரேலியாவிலும், நியூயார்க் உள்ளிட்ட பல அமெரிக்க நகரங்களிலும் ஜூலை 1. பிரான்சிலும் பிரேசிலிலும் ஜனவரி 1. அந்த நாளிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் நிதிப் பிரிவு ஒவ்வொரு துறைக்கும் சுற்றறிக்கை அனுப்பி, வரும் ஆண்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கிறது. துறைகள் பட்டியல் தருகின்றன. நிதிப் பிரிவு பாதியை அடிக்கிறது. மிஞ்சியது நிதிக் குழுவுக்கு வருகிறது. குழு சிலவற்றை மாற்றி வரைவாக்குகிறது. அதன் பிறகுதான் பொதுமக்களின் கருத்துக் கேட்பும் மன்றத் தீர்மானமும் நடக்கின்றன. துறைப் பொறியாளரின் பட்டியலில் இல்லாத ஒரு வேலையைக் கடைசிக் கட்டத்தில் நுழைக்க வேண்டுமானால், பட்டியலில் இருக்கும் இன்னொரு வேலையை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே உங்கள் முதல் சந்திப்பு என்னோடு நடப்பதைவிட, உங்கள் பகுதியைக் கவனிக்கும் பொறியாளரோடு, அவர் பட்டியல் எழுதும் வாரத்தில் நடப்பது நல்லது. உறுப்பினராக இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். ஆனாலும் உண்மை அதுவே.

அறிக்கையை எங்கிருந்து படிப்பது

முன்னுரையையும் தலைவரின் உரையையும் பிறகு படிக்கலாம். சுருக்க அட்டவணைக்கு நேராகச் செல்லுங்கள். தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்ற நான்கையும் பார்த்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய தலைப்பைத் தேடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே வழக்கமாக மூன்று பத்திகள் இருக்கும்: கடந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. மூன்றாவது பத்தி எங்கள் ஆசை. முதல் பத்திதான் நடந்தது.

இந்த முதல் பத்தியைப் படிக்கப் பழகுவது இந்த வழிகாட்டியில் நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஒன்று. பழைய அறிக்கைகள் மூன்று நான்கை எடுத்து, வடிகால் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையையும் உண்மையில் செலவான தொகையையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதுங்கள். ஒதுக்கியதில் பாதிகூட ஆண்டுதோறும் செலவாகவில்லை என்று தெரிந்தால், உங்கள் பகுதிக்குப் பணம் இல்லை என்பது சிக்கலே இல்லை. ஒப்பந்தப்புள்ளி கோரியும் யாரும் முன்வராமல் இருந்திருக்கலாம். முன்பு செய்த வேலைக்குப் பணம் கிடைக்காத ஒப்பந்ததாரர்கள் ஒதுங்கியிருக்கலாம். மதிப்பீடு தயாரிக்க வேண்டிய பொறியாளர் பணியிடம் காலியாகக் கிடக்கலாம். அந்த நிலையில் கூடுதல் ஒதுக்கீடு கேட்டு நூறு கையெழுத்து வாங்கி வருவது வீண் வேலை. அந்தப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி ஒரே ஒரு கடிதம் எழுதினால் அது போதும்.

வரவுப் பக்கத்திலும் இதே முறையைக் கையாளுங்கள். சொத்து வரியில் எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, எவ்வளவு நிலுவை என்று பாருங்கள். வசூலாகாது என்று அனைவருக்கும் தெரிந்த நிலுவையையும் வரவாகக் காட்டிச் செலவுப் பட்டியலை நீட்டுவது பல மன்றங்களில் உள்ள பழக்கம். அப்படிப் பட்ட அறிக்கையில் உங்கள் தெருவின் பெயர் இடம்பெறுவதால் எதுவும் நடந்துவிடாது.

அடுத்து, பணம் ஒரே பையில் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், ஓய்வூதியம், மின் கட்டணம், குப்பை அகற்றும் ஒப்பந்தம் போன்ற அன்றாடச் செலவுகள் வருவாய்க் கணக்கில் வரும். பாலம், கட்டடம், புதிய குழாய் போன்றவை மூலதனக் கணக்கில் வரும். அவற்றுக்குக் கடன் வாங்கலாம், மேல்நிலை அரசின் மானியமும் கிடைக்கலாம். குடிநீர்க் கட்டணத்தைக் குடிநீருக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது போன்ற கட்டுகளும் உண்டு. “அந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு கோடி இருக்கிறது, எங்கள் தெருவைக் கூட்டுவதற்கு ஆள் இல்லையா?” என்று கேட்கிறவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. கட்டடத்துக்கு வந்த மானியத்தில் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதுதான் அதற்குப் பதில். அது கேட்கிறவருக்குச் சாக்காகவே படுகிறது.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரம் சாட்சி. அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் எழுதியும், குறுகிய காலக் கடன்களை அடுக்கியும் பற்றாக்குறையை ஆண்டுக்கணக்கில் மறைத்த அந்த நகரத்துக்கு 1975-இல் கடன் கொடுப்பதை வங்கிகள் நிறுத்தின. திவால் அறிவிப்பு மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அதுவரை கட்டணமில்லாமல் படிக்க முடிந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976-இல் கட்டணம் வந்தது.

கட்டாயச் செலவுகளை எல்லாம் கழித்த பின் மிஞ்சும் தொகையை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து வியந்தவர்கள் இந்த மிச்சத்தைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் மக்களையே பட்ஜெட் முன்னுரிமைகளை முடிவு செய்ய அழைத்தபோது முதலில் எதிர்கொண்ட சிக்கலும் இதுதான்: வருவாயின் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்ததால், மக்கள் கூடித் தேர்ந்தெடுத்த வேலைகளுக்குப் பணம் இல்லை. வரி வருவாயைச் சீர்செய்த பிறகே அந்த முறைக்கு உயிர் வந்தது.

கோரிக்கையை எழுதும் முறை

தீர்வைக் கேட்காமல் சிக்கலைச் சொல்லுங்கள். ஒரு பள்ளி வாசலில் போக்குவரத்து சிக்னல் வேண்டும் என்று பெற்றோர்கள் என்னிடம் இரண்டு ஆண்டுகள் கேட்டார்கள். சிக்னலுக்கு வேண்டிய வாகன எண்ணிக்கை அந்தச் சாலையில் இல்லை என்று துறை இரண்டு முறையும் மறுத்தது. மூன்றாம் ஆண்டு அவர்கள் கடிதத்தை மாற்றி, காலையில் எந்த நேரத்தில் எத்தனை குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள், வாகனங்கள் எந்த இடத்தில் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன என்பதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதே துறை, உயர்த்தப்பட்ட நடைபாதைக் கடவையும் வேகத்தடையும் போதும் என்று சொல்லி, சிக்னலுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியிலேயே வேலையை முடித்தது.

சிக்கலை விவரிக்கும்போது தேதி, நேரம், அளவு ஆகியவற்றைச் சேருங்கள். “அடிக்கடி தண்ணீர் தேங்குகிறது” என்பதைவிட, இந்த மூன்று தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு, இந்தக் கதவு எண்ணிலிருந்து இந்தக் கதவு எண்வரை, முழங்கால் உயரத்துக்கு, இத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றது என்பது பொறியாளரின் கையில் பாதி மதிப்பீடாகவே மாறிவிடும். சாலை யாருக்குச் சொந்தம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். நகரத்துக்குள் ஓடினாலும் மேல்நிலை அரசின் பொறுப்பில் உள்ள சாலைகள் உண்டு. அவற்றில் மன்றத்தின் பணத்தைச் செலவிட முடியாது. தண்ணீர் இறங்கிப் போக வேண்டிய கால்வாய் அடுத்த வார்டில் இருந்தால், அந்த வார்டு மக்களோடும் அந்த உறுப்பினரோடும் சேர்ந்தே கோரிக்கை வையுங்கள். மேல்பகுதியில் மட்டும் வடிகாலை அகலப்படுத்தினால் கீழ்த்தெருக்காரர்களின் வீட்டுக்குள் தண்ணீர் அனுப்பியதாகிவிடும். இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து கேட்கும் வேலையை நிதிக் குழு அடிப்பதும் அரிது.

எதைக் கேட்டாலும் அதற்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று கட்டுவதற்கு, மற்றது காப்பதற்கு. முதலாவது செய்தித்தாளில் வருகிறது. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. மன்றத்துக்கு நான் வந்த புதிதில், மானியப் பணத்தில் ஒரு படிப்பகம் கட்டும் தீர்மானத்துக்கு மகிழ்ச்சியோடு கை தூக்கினேன். கட்டடம் குறித்த காலத்தில் முடிந்தது. திறப்பு விழாவில் என் பெயரும் கல்வெட்டில் ஏறியது. அதைத் திறந்து மூட ஓர் ஊழியர், புத்தகம் வாங்க ஆண்டுக்கு ஒரு தொகை, மின் கட்டணம் ஆகிய எதுவும் வருவாய்க் கணக்கில் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டில் அது வாரத்துக்கு மூன்று நாள் திறந்தது. மூன்றாம் ஆண்டில் பூட்டு தொங்கியது. அன்றிலிருந்து எந்தக் கோரிக்கை வந்தாலும் பத்தாம் ஆண்டில் இதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்கிறேன். சிலருக்கு அது எரிச்சலூட்டுகிறது.

டெட்ராய்ட் நகரத்தின் கதையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1950-இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் அது ஏறக்குறைய 7 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஆனால் பெரிய நகரத்துக்காகப் போட்ட தெருக்களும் குழாய்களும் விளக்குகளும் அப்படியே இருந்தன. 2013-இல், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு அந்த நகரம் திவால் மனு கொடுத்தபோது, அதன் தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை. தொழில் வீழ்ச்சி, ஓய்வூதியச் சுமை என்று காரணங்கள் பல. எனினும் காக்கும் விலையைக் கட்ட முடியாத நகரம் இருட்டில் எப்படி இருக்கும் என்பதை அங்கே எல்லோரும் பார்த்தார்கள்.

எனவே உங்கள் கடிதத்தில் காக்கும் விலையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கட்டும். பழைய விளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினால் மின்செலவு குறையும், அந்தச் சேமிப்பிலிருந்து புதிய நான்கு கம்பங்களுக்குச் செலவிடலாம் என்பது போன்ற யோசனை நிதிக் குழுவில் உடனே கவனிக்கப்படும். முற்றிலும் பெயர்ந்த பிறகு சாலையைத் தோண்டிப் போடுவதைவிட, விரிசல் விடும்போதே மேல்பூச்சுப் போடுவது மிகவும் மலிவு என்பதால், “மோசமான சாலைக்கு முதலிடம்” என்று கேட்பதுகூட எப்போதும் சரியாக இருப்பதில்லை. இது மக்களிடம் சொல்லக் கடினமான விஷயம். நானே பல கூட்டங்களில் சொல்லத் தயங்கியிருக்கிறேன்.

யாருடைய குரல் வரவில்லை

கோரிக்கைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், ஒரே நான்கைந்து தெருக்களிலிருந்துதான் பெரும்பாலானவை வருவது தெரியும். அந்தத் தெருக்களின் சாலைகள் மற்றவற்றைவிட நன்றாகவே இருக்கும். அங்கே கடிதம் எழுதத் தெரிந்தவர்களும் மாலையில் ஓய்வாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், படியிறங்க முடியாத முதியவர்கள் ஆகியோர் கூட்டத்துக்கு வருவதில்லை. நீங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்துகிறவராக இருந்தால், கையெழுத்து வாங்கும் முன் இப்படிப் பட்டவர்களில் ஐந்து பேரிடமாவது நேரில் சென்று கேளுங்கள். அச்சடித்த ஒரே கடிதம் நாற்பது வந்தால் நான் ஒன்றாகவே எண்ணுகிறேன். ஐந்து பேர் ஐந்து விதமாக, சொந்த வார்த்தைகளில் எழுதினால் ஐந்தையும் முழுமையாகப் படிக்கிறேன்.

உங்கள் நகரத்தில் மக்கள் வாக்களித்துத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பாரிஸ் நகரம் 2014-இல் இதைத் தொடங்கியபோது முதலீட்டுத் தொகையில் 5 சதவீதத்தை மக்கள் முடிவுக்கு விட்டது. அது சிறிய தொகை இல்லை என்றாலும், மீதி 95 சதவீதம் வழக்கமான மேசைகளில்தான் முடிவானது.

கூட்டத்திலும் அதற்குப் பிறகும்

கருத்துக் கேட்பில் உங்களுக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு கோரிக்கையைப் பேசுங்கள். அறிக்கையின் பக்க எண்ணையும் தலைப்பையும் சொல்லித் தொடங்குங்கள். பக்க எண் கேட்டவுடன் எல்லா உறுப்பினர்களும் தாளைப் புரட்டுவார்கள். அதுவரை பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு வேலை தானாக நடக்காது. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று ஒவ்வொரு படியிலும் அது மாதக்கணக்கில் உறங்கக்கூடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். நிதியாண்டின் பின்பாதியில் திருத்திய மதிப்பீடு தயாராகும் வாரங்களைத் தவறவிடாதீர்கள். செலவாகாமல் தேங்கிய தொகைகள் அப்போதுதான் வெளிப்படும், அவற்றை வேறு தலைப்புக்கு மாற்றும் தீர்மானங்களும் அப்போதுதான் வரும். மதிப்பீடும் அனுமதியும் முடிந்து பணத்துக்காக மட்டும் காத்திருக்கும் வேலைகளே அந்தத் தொகைகளைப் பெறும். உங்கள் தெருவின் வடிகாலுக்கு மதிப்பீடு தயாராகிவிட்டதா என்பதை அதற்கு முந்தைய மாதமே பொறியாளரிடம் கேட்டு, அந்தக் கோப்பு எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள்.